நூல் கட்டிய பூ

சவப்பெட்டியின் மேல் இருந்த மூன்று பூங்கொத்துகளைப் பார்த்ததும் நோரீனுக்கு அழுகை நின்றுவிட்டது.

வெட்டியிருக்கிறார்கள். காம்பில் அவள் புருஷன் லெஸ் கட்டிய சிவப்புக் கம்பளி நூல்கூட அப்படியே இருக்கிறது.

லெஸ் வேலை பார்த்த முப்பது ஏக்கர் தோட்டத்தில் வேறு பூவா கிடைக்கவில்லை? செப்டம்பர் மாதம், ஆஸ்திரேலியாவில் வசந்தம்; டான்டினாங் மலை முழுக்கப் பூத்துக் கொட்டிக் கிடக்கிறது.

இமயமலையிலிருந்து விதையாக வந்த ரோடோடென்ட்ரான் பூமரம் அது. அங்கே தாய்மரம் நின்ற மலைச்சரிவு மண்ணோடு சரிந்து போய்விட்டது. முளைத்த கன்றுகளில் பிழைத்தது இது ஒன்றுதான். இருபத்திரண்டு வருடம் லெஸ் அதற்குக் காவல் கிடந்தான். ஜூலைப் பனிக்குச் சாக்கு போர்த்தினான். ஏப்ரலில் ஓக் சருகை அள்ளி வந்து அதன் காலடியில் கொட்டினான். ஒரு ஜனவரியில் காட்டுத்தீ நெருங்கி, ஊரே காரில் ஏறியபோது, இவன் மட்டும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு நோரீன் திட்டாத திட்டு இல்லை.

இந்த வசந்தத்தில்தான் முதன்முதலாகப் பூத்தது. மூன்றே கொத்து. லெஸ் ஏணி போட்டு ஏறி, சின்னத் தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்து, நூல் கட்டினான். அவன் நூல் கட்டினால் விதைக்கு விட்டது, யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம். மறுநாள் நெஞ்சுவலி வந்து போய்விட்டான்.

பாதிரியார் ஜெபத்தை முடிக்கும்வரை நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தோட்டத்தின் புது மேலாளர் கிளைவை வழிமறித்தாள்.

“கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? லெஸ்ஸ ரெண்டாந்தடவ கொன்னுட்டியேடா.”

நூலுக்கு என்ன அர்த்தம் என்று ஆத்திரத்தோடு சொன்னாள். கிளைவின் முகம் வெளிறிப்போனது.

“தப்பு என்னுதுதான் நோரீன். மன்னிச்சிடுங்க.”

லெஸ்ஸின் தங்கை அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

இன்னும் திட்ட நோரீன் வாயைத் திறந்தாள். அப்போதுதான் நேற்று அவன் போன் செய்தது ஞாபகம் வந்தது. பெட்டி மேல் என்ன பூ வைக்கலாம் என்று கேட்டிருந்தான். மாத்திரை மயக்கத்தில், யோசிக்காமல், நூல் கட்டியிருக்கிற பூதான் லெஸ்ஸுக்கு உயிர் என்று சொன்னவள் அவள்தான்.

அதைச் சொல்லாமல் நிற்கிறானே என்று அவன்மேல் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.