கைதட்டலுக்கு அரை அங்குலம்

மானுட அறிவு அனைத்தும் இன்று ஒரே கம்பியில் ஏறி நம் கல்லூரிக்குள் வந்து இறங்குகிறது என்று கீழே அரங்கில் தாளாளர் முழங்கினார்.

கம்பி, மாடியில் சர்வர் அறையில், ஒயர் இழுக்க வந்திருந்த அவள் காலடியில் சுருண்டு கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் தாளாளரின் அறை. துளைத்தால் பத்தடியில் மேசை.

துளைக்கக் கூடாது. அது ஈசானிய மூலை. அங்கே ஓட்டை விழுந்தால் செல்வமும் கல்வியும் சேர்ந்து ஒழுகிவிடும் என்று வாஸ்து நிபுணர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கட்டடத்தைச் சுற்றிக் கொண்டுபோனால் நூற்று நாற்பது மீட்டர். நூறைத் தாண்டினால் இந்த ஒயருக்கு மூச்சு வாங்கும். வரைபடத்தை விரித்து மூன்று முறை சொன்னாள்.

"தேரு ஊரையே சுத்தி வருது. அதுக்கு மூச்சு வாங்குதா?" என்றார் கல்லூரி என்ஜினியர்.

சுற்றினாள்.

காலையில் சோதித்தபோது தாளாளரின் கணினியில் எதிர்முனைக்காரரின் படம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. ஒயரை உருவிச் சுருட்டினாள்.

பேச்சு முடிந்ததும் தாளாளர் மாடியேறி வருவார். ஆய்வுக் குழுவின் முன்னால், அதே கணினியில், சிகாகோவில் இருக்கும் பழைய மாணவரோடு பேசுவார். பேசிவிட்டால் அவளுக்குப் பணி நிறைவுக் கடிதம். அந்தக் கடிதம் இருந்தால்தான் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரி வேலையை அவள் பெயரில் தருவார்கள்.

பதினோரு வருடம் அடுத்தவர் பெயரில் ஒயர் இழுத்தாயிற்று.

டிரில்லிங் மெஷினை எடுத்தாள்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மெஷின் போட்டால் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும். கைதட்டும்போது மட்டும் கேட்காது.

கதவிடுக்கில் மேடை தெரிந்தது. காத்திருந்தாள்.

தாளாளர் தன் தந்தையார் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய், கண்ட பாறையெல்லாம் துளைத்து முன்னுக்கு வந்த வரலாற்றைச் சொன்னார். ஒருவரும் தட்டவில்லை.

தாயாரின் தியாகத்துக்கு வந்தார். இரண்டு விநாடி தட்டினார்கள்.

அரை அங்குலம்.

கல்வி வியாபாரம் அல்ல என்றார். யாரோ இருமினார்கள்.

இந்தக் கணக்கில் போனால் அடுத்த ஆண்டு விழாவுக்குள்தான் அந்தப் பக்கம் போகலாம். அவளே தட்டிப் பார்த்தாள். தட்டினால் துளைக்கக் கை இல்லை.

கூட வேலை பார்க்கும் மாரப்பன் கீழே வாசலில் நின்றிருந்தார். அவளுக்கு அப்பா வயது. போன் போட்டாள்.

"அண்ணா, உள்ள போயிக் கை தட்டுங்க."

"எதுக்குங்க அம்மிணி?"

"எதுக்காச்சும் தட்டுங்க."

தாளாளர் தண்ணீர் குடித்தார். மாரப்பன் தட்டினார். தனியாக.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. ஏதோ முக்கியமானதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று பயந்து பேராசிரியர்கள் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து எல்லோரும்.

ஓர் அங்குலம்.

அதற்குப் பிறகு மாணவர்களுக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. மூச்சு விடும் இடத்திலெல்லாம் தட்டினார்கள். "ஆகவே" என்றதற்கு விசில் பறந்தது. தாளாளருக்கு எந்த மேடையிலும் கிடைக்காத வரவேற்பு. எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மனத்திலிருந்து பேசத் தொடங்கினார்.

மனத்தில் நிறைய இருந்தது.

ஆறு அங்குலம் ஆகியிருந்தது. செங்கல் தூள் அவள் இமையில், மூக்கில், பல்லில். மெஷின் கையைச் சுட்டது. இன்னும் மூன்றுதான். விசையில் விரலை வைத்தாள்.

அப்போது பார்த்து, தந்தையாரின் நினைவாக இரண்டு நிமிடம் மௌனம் கேட்டார்.

அரங்கம் எழுந்து நின்றது.

அவளும் நின்றாள். மெஷினோடு.

ரிக் வண்டிக்காரரை அவள் இதுவரை யாரையும் திட்டாத வார்த்தையால், வாய்க்குள்ளேயே, இரண்டு நிமிடமும் திட்டினாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இறுதியாக" என்றார்.

அரங்கம் இடிந்தது.

அன்றைக்கு மனதார விழுந்த கைதட்டல் அது ஒன்றுதான். நிற்கவே இல்லை. அவள் முழு உடம்பையும் கொடுத்து அமுக்கினாள். மூன்று அங்குலமும் போயிற்று. முனை அந்தப் பக்கம் எதையோ இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

போன் அடித்தது.

"எறங்கிட்டாருங்க அம்மிணி. மாலையப் போட்டு உடறாங்க. வெரசாக் கோத்துடுங்க."

ஒயரை உள்ளே தள்ளினாள். தாளாளர் அறைக்கு ஓடினாள். ஈசானிய மூலையில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடிச் சட்டத்தின் பின்னாலிருந்து ஒயர் எட்டிப் பார்த்தது. இழுத்தாள். முனைக்குக் கிளிப் அடித்தாள். கணினியில் செருகினாள்.

சிகாகோ வாயை மூடியது. காப்பி குடித்தது. "ஹலோ சார்" என்றது.

படியில் செருப்புச் சத்தம்.

சட்டம் கோணிக்கொண்டு தொங்கியது. சரியாக மாட்டக் கழற்றினாள். இந்த அறை வாஸ்துப்படி குறை ஒன்றும் இல்லாதது என்று நிபுணர் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழ்.

அதன் பின்னால், அவள் போட்ட துளைக்குப் பக்கத்தில், இன்னும் மூன்று துளைகள் இருந்தன. சர்வர் அறைப் பக்கம் அவற்றை மின்பெட்டி மறைத்திருந்தது.

ஒன்றில் அழைப்புமணி ஒயர் போயிற்று.

ஒன்றில் கேமரா ஒயர்.

மூன்றாவது காலியாக இருந்தது.