சிவப்பு மூடி, பச்சை மூடி

அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. அவனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

கொதிநீர்ப் பாத்திரம். அதற்குள் ஒரு பழைய டப்பா. டப்பாவுக்குள் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும். ஏழு வருஷமாக இதுதான் அவன் பக்குவம்.

எஸ்தர் சுடுகிற ஈயக் குண்டுகளுக்கு இந்த மெழுகைப் பூசுவது அவன்தான். பூசாவிட்டால் ஈயம் துப்பாக்கிக் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும்.

எஸ்தர் அவன் மனைவி. குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு நிரப்புகிற பழைய பாணித் துப்பாக்கியில், கிளப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவனோ தபாலாபீஸ்காரன். கிறிஸ்மஸ் பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன்.

அந்தக் கிளப்பில் அவனுக்கென்று இருந்தது இந்த மெழுகு ஒன்றுதான். அதற்கும் வந்துவிட்டது ஆபத்து.

போன மாதம் என்றுமில்லாத குளிர். போட்டியில் எஸ்தரின் குண்டுகள் கண்டபடி சிதறின. உடனே வந்து நின்றார் மேஜர் ஆனந்தவேலு. ரிட்டயரானவர். மனைவி போய் நான்கு வருஷம். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, வெள்ளை மீசை, இந்த வயதிலும் ஒரு பல் விழவில்லை.

அவள் துப்பாக்கியை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் குழலைத் தேய்த்தார்.

இந்த ஏழு வருஷத்தில் அவன் ஒருநாளும் அந்தத் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

குழலிலிருந்து ஈயச் செதில்கள் உதிர்ந்தன.

“தேங்காயெண்ணெயா சார் போடறீங்க? நம்ம ஊர்க் குளிருக்கு அது கட்டியாயிடுமே. விளக்கெண்ணெய் போட்டுப் பாருங்க” என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை.

நாகர்கோவில்காரன் தேங்காயெண்ணெயை விட்டால் வேறு எதைத் தேடிப் போவான்? டிசம்பர் மாதம் தலைக்கு வைக்கிற எண்ணெயையே அடுப்போரம் வைத்து இளக்கித்தான் வைக்கிறான். தலைக்குத் தெரிந்தது குண்டுக்குத் தோன்றவில்லை. தன் மடத்தனத்தை நினைத்தால் அவனுக்கே தன்னை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

மேஜர் அதோடு விட்டாரா? தான் காய்ச்சிய மெழுகில் ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். எஸ்தர் அதைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மேஜர் சொன்னார், மேஜர் சொன்னார்.

இன்று மதியம் அவளே இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். தட்டுக்குப் பன்னிரண்டு குண்டுகளை நிற்க வைத்தாள்.

“ஏங்க, உங்களது ஒண்ணுல, மேஜர் குடுத்தது ஒண்ணுல ஊத்தி வையுங்க. எது நல்லாருக்குன்னு நாளைக்குப் பாத்துருவோம்.”

சிவப்பு மூடி போட்ட டப்பா வீட்டு மெழுகுக்கு. பச்சை மூடி மேஜர் மெழுகுக்கு. பெயர்கூட எழுதி ஒட்டியாயிற்று. பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள். உள்ளறையில் அவள் மெல்லப் பாடுவது கேட்டது. அவள் வீட்டில் பாடி எத்தனை காலமாயிற்று என்று அவன் யோசித்துப் பார்த்தான்.

மேஜர் மெழுகையும் உருக்கினான். பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம். தொட்டால் தெரிந்தது. நல்ல வழவழப்பு. பாவி மனுஷன் இதிலும் ஒரு குறை வைக்கவில்லை.

இரண்டு தட்டிலும் ஊற்றினான். ஆறவிட்டான். குண்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தான்.

மேஜர் மெழுகு பூசிய பன்னிரண்டும் சிவப்பு மூடிக்குள் போயின.

தன்னுடையவை பச்சைக்குள்.

இரண்டு மூடிகளையும் இறுக்கி மூடினான்.

மறுநாள் காலை மைதானத்தில் நல்ல குளிர். எஸ்தர் சிவப்பு மூடியைத்தான் முதலில் திறந்தாள்.

பத்துக் குண்டு. பத்தும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள்.

அப்புறம் பச்சை. மூன்றாவதே விலகியது. ஆறாவது அட்டையிலேயே படவில்லை.

அவள் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு, அவனும் மேஜரும் நின்ற இடத்துக்கு ஏறக்குறைய ஓடி வந்தாள்.

“பாத்தீங்களா மேஜர்? எங்க வீட்டுக்காரர் மெழுகுதான் ஜெயிச்சிருக்கு.”

சொல்லிக்கொண்டே, அத்தனை பேர் முன்னால், அவன் தோளில் கை வைத்தாள். ஏழு வருஷத்தில் இதற்காகத்தான் அவன் அத்தனை மெழுகையும் காய்ச்சினான். மனசு நிறைந்துவிட்டது. களவு எங்கோ ஒரு மூலையில் உறுத்தியது. உறுத்திவிட்டுப் போகட்டும்.

மேஜர் சிவப்பு மூடியைத் திறந்தார். மிச்சமிருந்த இரண்டு குண்டுகளில் ஒன்றை எடுத்தார். விரல்களுக்கிடையில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

பிறகு அவனைப் பார்த்தார்.

காய்ச்சினவனுக்குத் தன் சரக்கு தெரியாதா? இதோ சொல்லப்போகிறார். ஒரு வார்த்தை போதும், இந்தத் தோளில் இருக்கிற கை எடுபட்டுவிடும்.

மேஜர் எஸ்தரின் பக்கம் திரும்பினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பையே சற்று நேரம் பார்த்தார்.

“சாரோட கைப்பக்குவம் எனக்கு வராது டீச்சர். தோத்துட்டேன்.”

குண்டை உள்ளே வைத்து மூடியை அழுத்தி மூடினார். கைக்குட்டையை எடுத்து விரல்களை மெதுவாகத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அவள் கை இன்னும் அவன் தோளில்தான் இருந்தது.

மேஜரின் மனசைப் பற்றி அதுவரை அவனுக்கு இருந்தது வெறும் சந்தேகம்தான்.