கிடங்கில் களம் இல்லை

பெருச்சாளி வாலால் மண்ணில் கோடு கிழித்து எறும்புகளுக்குத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தது. "இது கிடங்கு. இது சந்தை. இந்தப் பாதை நேரே படகுத்துறைக்குப் போகுது. உங்க கம்பு இனிமே அக்கரைக்கும் போகும், தங்கச்சிகளா!"

எல்லா எறும்பும் வாயைப் பிளந்து கேட்டன. வெள்ளையம்மா என்ற கட்டெறும்புக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கூலி கேட்காமல் கட்டித் தர வருகிறவனை அவள் லேசில் நம்புவதில்லை. ஆனால் என்ன குறை சொல்வது? சுவர் கெட்டி. வாசல் எறும்பு நுழையும் அளவுதான். காவலும் எறும்புகளுக்கே என்றது பெருச்சாளி. மண்ணில் கிழித்த கோடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தவள் நின்றாள்.

"அண்ணே, காயப்போடக் களம் எங்கே?"

"களம் எதுக்கு?"

"மழை பெஞ்சா உள்ளே இருக்கிற கம்பு முளைச்சிடுமே. வெளியே இழுத்து வந்து வெயில்ல உலர்த்தணும்ல?"

பெருச்சாளி கடகடவென்று சிரித்தது. "மழைக்காலம் வரைக்குமா உள்ளே கம்பு இருக்கப் போகுது?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது. "வித்துப் போயிடும்னு சொல்ல வந்தேன்."

வெள்ளையம்மா அதன் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். கீழே வைத்திருந்த கம்பை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு பழைய புற்றுக்கே நடந்தாள். பின்னால் வரிசையும் திரும்பியது.