தெற்கே விழும் நிழல்

“பிள்ளைகளை உச்சி வெயில்ல நிறுத்துறீங்களாமே, உண்மையா டீச்சர்?”

“உண்மைதான் சார்” என்றார் ஆசிரியை முருகலட்சுமி.

வட்டாரக் கல்வி அலுவலர் நாகராஜ் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பந்தல்குடிக்கு அப்பால், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியைப் பற்றி, பெயர் சொல்லாத ஒருவர் முந்தின நாள் அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் சொல்லியிருந்தார்.

“பயிற்சிப் புத்தகம் பாதிகூட முடியலையாம். செயலியில தினசரிப் பதிவும் போடுறதில்லையாம்.”

“அதுவும் உண்மைதான்.”

“மறுத்தாவது பேசுங்களேன்! நான் அறிக்கை குடுத்தா சஸ்பெண்டு வரைக்கும் போகும், தெரியும்ல?”

“தெரியும் சார். வெளிய வந்து பாத்துட்டு எழுதுங்க.”

சாப்பாட்டு மணி அடித்தது. தட்டை எடுக்க ஓடாமல் பிள்ளைகள் கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கூடினார்கள். கம்பத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் தரையில் சரளைக் கற்களைப் பதித்து வைத்திருந்தார்கள். நாலாம் வகுப்புத் தங்கமாரி, நிழலின் நுனி பார்த்து இன்னொரு கல்லை வைத்தாள்.

“வாரத்துக்கு ஒரு கல்லு சார். மார்கழியில நிழலு வடக்க ரொம்பத் தூரம் போச்சு. சித்திரையில ஒருநா நிழலே இல்ல! இப்ப ஆடியில தெக்க விழுது, பாருங்க.”

நாகராஜ் தன் காலடியைப் பார்த்தார். அவருடைய நிழலும் தெற்கேதான் கிடந்தது. பிறந்ததிலிருந்து இந்த வெயிலில்தான் நடமாடுகிறார். ஒரு நாளும் கவனித்ததில்லை.

“சித்திரையில லீவாச்சே, பாப்பா?”

“என்னைக்குக் காணாமப் போகுதுன்னு பாக்கணும்ல? நாங்களாத்தான் வந்தோம். ஆவணியில மறுபடி காணாமப் போகும்னு நான் சொல்றேன். இந்த மாரிச்சாமி இல்லங்குறான். நீங்க என்ன சார் சொல்றீக?”

நாகராஜுக்குத் தெரியவில்லை. கற்களின் பக்கத்தில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்தபோது பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

“இந்தப் பள்ளிக்கூடத்து மேல புகார் சொல்ல எவனுக்கு டீச்சர் மனசு வந்துச்சு? ஆளைச் சொல்லுங்க, நான் கேக்குறேன்.”

முருகலட்சுமி சற்றுத் தயங்கினார்.

“நான்தான் சார். பிள்ளைக செய்யறதை ஒருதடவை வந்து பாருங்கன்னு போன வருஷத்துல இருந்து உங்க ஆபீசுக்குச் சொல்றேன், யாரும் வரல. நேத்துப் புகார்னு சொன்னேன், இன்னைக்கே வந்துட்டீங்க.”