பயம் தெளிந்தவர்

சூர்யநாராயணனுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்து ஏழு வருடம். மெதுவாக வளரும் வகைதான், பல வருடம் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியும், கழுத்தில் கட்டி பெருத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துப் பயப்படாமல் அவர் ஒரு நாளும் படுத்ததில்லை.

மூன்று வாரமாக அந்தப் பயம் போயிருந்தது. சேலையூர் ஏரிக்கரையில் சத்தமாகப் பாடிக்கொண்டே நடந்தார். முன்பின் தெரியாதவர்களிடம் ஜோக் சொன்னார்.

மனைவி ரோஹிணி இதைச் சந்தோஷமாகச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை. தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

இன்று ரிப்போர்ட் வந்ததும் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இந்த வகை மூளைக்குப் பரவுறது ரொம்ப அபூர்வம்மா. இவருக்குப் பரவியிருக்கு."

"இப்பதானே டாக்டர் நல்லா இருக்கார்? கவலையே இல்லாம இருக்காரே."

"மூளையோட முன்பக்கம் பாதிச்சா அப்படித்தான் ஆகும். நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன்."

"குணமாகுமா?"

"மருந்து கொடுக்கலாம். சில மாசம் கிடைக்கலாம்."

ரோஹிணி வெளியே வந்தாள். வெளியே உட்கார்ந்திருந்த சூர்யநாராயணன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ரோஹிணி, பயந்துட்டியா? ஏழு வருஷம் நான் பயந்தது போதாதா?"