காலர் மைக்

ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான், சட்டைக்கு இஸ்திரி போட்டான், நின்றபடியே இரண்டு ரொட்டித் துண்டுகளைத் தின்றான். பதினொரு மணிக்கு அருங்காட்சியகத்தில் மனைவியின் பேச்சு. தலைப்பு, 'பூட்டுகளின் கதை'.

"நீங்க வர வேண்டாம்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள். முந்தின நாள் கட்டிலில் கிடந்த ஈரத் துண்டுக்காக ஒரு சண்டை. இருந்தாலும் கிளம்பினான்.

"வாங்க முன்வரிசைக்காரரே! என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்றார் வாசல் காவலர். "போன வருஷம் நீங்க வந்து உக்காந்ததும், மேடம் பேச்சைப் பாதியில நிறுத்திட்டு அந்தப் பக்கம் திரும்பித் தண்ணி குடிச்சாங்களே! இன்னும் கண்ணுல நிக்குது."

அவனுக்கும் நின்றது. தான் வந்தது பிடிக்காமல்தான் முகத்தைத் திருப்பினாள் என்று அன்றே முடிவுகட்டியிருந்தான்.

அரங்குக்குப் போகாமல் மாடி ஏறினான். ஒலிப்பதிவு அறையில் ஒலிப்பதிவாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க கீழ வந்தாச்சு சார். மேடம் கடைசியாப் பேசின பேச்சைத்தான் போடப்போறோம். நீங்க ஒரு வாட்டி கேட்டுச் சரின்னு சொல்லிட்டீங்கன்னா..."

நான்கு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சை முடித்துச் சாலையைக் கடக்கும்போதுதான் லாரி மோதியது. அன்று அவனும் வந்திருந்தால் இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்பியிருப்பார்கள். அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது, வீட்டு வாசலில் சொன்ன அந்த 'நீங்க வர வேண்டாம்'தான். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் எழுந்தான், படுத்தான்.

ஒலிப்பதிவாளர் தயங்கினார். "முடிவுல ஒரு துண்டு இருக்கு சார். காலர் மைக்கைக் கழட்ட மறந்துட்டாங்க. உங்களைப் பத்தி ஏதோ பேசறாங்க. வெட்டிடட்டுமா?"

திட்டியிருப்பாள். ஈரத் துண்டுவரை எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அதையும் கேட்டுவிட்டால் மிச்சம் எதுவும் இருக்காது.

"போடுங்க" என்றான்.

ஹெட்ஃபோனில் கைதட்டல். நாற்காலிகள் நகரும் சத்தம். கூட வேலை பார்க்கும் பெண்ணின் குரல்: "என்னடி, உன் வீட்டுக்காரர் வரலையா?"

பிறகு அவள் குரல், ரகசியம் போல.

"கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, இன்னும் அவரு எதிர்ல உக்காந்தா எனக்கு வெக்கத்துல பேச்சே வரமாட்டேங்குதுடி!"