பத்துத் துளைகள்

என்.சி.சி. முகாமில் முதன்முதலாகத் துப்பாக்கி பிடித்த அன்று, செங்கமலம் பதற்றத்தில் தன் ஐந்து தோட்டாக்களையும் பக்கத்தில் படுத்திருந்த மெகருன்னிசாவின் இலக்குத் தாளில் சுட்டுவிட்டாள். மெகருவின் தாளில் பத்துத் துளைகள், இவளுடையதில் ஒன்றுமில்லை. எது யாருடையது என்று தெரியாத ஹவில்தார் இருவரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். சிரித்துக்கொண்டே ஓடினார்கள். சிநேகம் அங்கேதான் தொடங்கியது.

முப்பத்தாறு வருடம் கழித்து, ரைபிள் கிளப்பில் இருவரும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். மெகருவுக்குக் கண் அறுவை முடிந்து நான்கு மாதம்.

"இன்னிக்கு ஒண்ணுகூடப் படலைன்னா இனி இதைத் தொட மாட்டேன்டீ" என்றாள்.

செங்கமலம் மூச்சை அடக்கிக்கொண்டாள். அன்று தவறிப்போன அதே பக்கமாகக் குழலை மெல்லத் திருப்பி, ஐந்தையும் சுட்டாள்.

தாள்கள் கைக்கு வந்தன. மெகரு தன்னுடையதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு துளையாக விரலால் தொட்டு எண்ணினாள். வெளிச்சம் அவள் கன்னத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

பத்து. அவளுடைய ஐந்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அடிப்பாவி, இன்னமும் என் தாள்லதானா?"

செங்கமலம் உட்கார்ந்தபடியே தன் வெற்றுத் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மெகரு குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள்.

"எந்திரி. ஓடணும்ல?"